நான் நீக்கிய ஸ்கேனைத் தேடித் திருப்புலிவனம் வரை

2008 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை உத்திரமேரூர் பக்கம் போனேன். குடவோலைக் கல்வெட்டைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் வழி இதுதான். நான் போன காரணம் வேறு.

சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எண்களைப் புள்ளியியல் முறையில் அலசுவது என் வேலை. நடை தள்ளாடும் நோயாளிகளின் மூளை வெண்பகுதியை, அதாவது நரம்பிழைகள் ஓடும் பகுதியை, நோயில்லாதவர்களுடையதோடு ஒப்பிட்டோம். பக்கத்து வீட்டு நோயாளிக்குத் துணையாக வந்த முனியம்மாளை (பெயர்களை மாற்றியிருக்கிறேன்) நோயில்லாதவர்கள் பட்டியலில் சேர்த்திருந்தோம். அவருடைய எண்கள் மட்டும் மிகவும் கீழே கிடந்தன. ஸ்கேனின்போது தலையை அசைத்திருப்பார் என்று நானாக முடிவு செய்து நீக்கிவிட்டேன். படத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆய்வு முடிவு அழகாக வந்தது.

பதினோரு மாதம் கழித்து வேறொரு சந்தேகத்துக்காக அந்தப் படத்தைத் திறந்தேன். அசைவே இல்லை. வெண்பகுதியில் திட்டுத் திட்டாகச் சேதம். ஆய்வை நடத்திய டாக்டர் அவரை வரச் சொல்லி இரண்டு கடிதம் போட்டும் பதில் இல்லாததால் நானே கிளம்பினேன்.

தாம்பரத்தில் 6.40 மின்சார ரயில். செங்கல்பட்டில் பஸ், பன்னிரண்டு ரூபாய், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் நாலு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய். பெயரைச் சொன்னதும் டிரைவர் கேட்டார்: "செவுத்தப் புடிச்சிக்கினு நடக்குமே, அந்தம்மா வூடா?"

அதற்குப் பிறகு வழியில் எதையும் நான் பார்க்கவில்லை.

முனியம்மாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். கணவர் ஏழுமலை கூலி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இரண்டு கடிதங்களும் வந்துதான் இருந்தன. இங்கிலீஷில் இருந்ததால் பிரித்து, மடித்து, அப்படியே வைத்திருந்தார்கள்.

நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.  முனியம்மாள்தான் முதலில் பேசினார்.

"ஸ்கேன்ல ஒண்ணியும் இல்லன்னுதான் நெனச்சிக்கினு இருந்தோம் சார். கால் தள்ளாடுறப்பகூட, அதான் பெரிய ஆஸ்பத்திரில பாத்துட்டாங்களேன்னு எங்கியும் போவல."

"அப்பவே சொல்லியிருந்தா நடந்துகினு இருக்குமா சார்?" என்றார் ஏழுமலை.

டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கலாம். நடந்துகொண்டிருந்திருப்பார் என்றே நினைக்கிறேன் என்றேன். அவர் வெளியே போய் நின்றுகொண்டார்.

திங்களன்று இருவரும் சென்னைக்கு வந்தார்கள். பரிசோதனையில் கடுமையான பி12 சத்துக் குறைவு தெரிந்தது. ஊசி தொடங்கினார்கள். இனி மோசமாகாது, போனது பெரும்பாலும் திரும்பாது என்றார் டாக்டர். முனியம்மாள் மறுபடி நாற்று நட முடியுமா என்று மட்டும் கேட்டார். முடியாது.

இந்தப் பக்கம் போகிறவர்கள் மதிய வெயிலுக்குள் திரும்பிவிடுங்கள். பஸ் அடிக்கடி இல்லை. ஆய்வுக்காக ஸ்கேன் எடுத்துக்கொள்கிறவர்கள், படத்தை டாக்டர் பார்த்தாரா என்று கட்டாயம் கேளுங்கள். யாரும் கூப்பிடவில்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் வேலையைச் செய்கிறவர்கள், ஒருவரின் எண்ணை நீக்குமுன் அவர் படத்தைத் திறந்து பாருங்கள். இரண்டு நிமிடம்தான் ஆகும்.