ஒரு டம்ளர் சாத்துக்குடி எத்தனை கிராம்?

எனக்குச் சர்க்கரை நோய் வந்ததிலிருந்து சாப்பிடுவதையெல்லாம் ஒரு செயலியில் பதிகிறேன். அதற்கு எல்லாமே கிராமில் வேண்டும். தினம் குடிக்கும் சாத்துக்குடி ஜூஸை, குத்துமதிப்பாக 250 கிராம் என்று போட்டுவந்தேன்.

இன்று மேடவாக்கம் ஜூஸ் கடை அக்காவிடம், "ஒரு டம்ளர் 250 கிராம்னு கணக்கு வெச்சிருக்கேன், சரியான்னு பாக்கணும். பழம் போடுற தராசுலயே டம்ளரை வெச்சு ஊத்துங்கக்கா" என்றேன்.

காலி டம்ளரை வைத்துத் தராசைப் பூஜ்யமாக்கினார். பிழிந்த சாறு 110. ஒரு கரண்டி சர்க்கரை போட்டதும் 150. ஐஸ் விழுந்ததும் 250.

"உங்க கணக்கு கரெக்டாத்தான் கீது சார்."

"தினமும் நாற்பது கிராம் சர்க்கரையா போட்டீங்க?"

"நீங்க வேணாம்னு சொல்லவே இல்லியே. நாளைலேருந்து இல்லாம போடட்டா?"

கொஞ்சம் யோசித்தேன்.

"முதல்ல ஐஸைக் குறைங்கக்கா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

சர்க்கரை நண்பர்களே, நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? உண்மையைச் சொல்லவும்.