மேல்தட்டில் முப்பத்திரண்டு கிலோ

காலை ஒன்பது பதினேழு. எல்லோரும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகும் வாசலில், ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

சாதாரணச் சப்பாத்து அல்ல. முனையில் இரும்பு வைத்தது. போட்டு முடித்ததும் மணிக்கூட்டைக் கழற்றினார். மோதிரத்தைக் கழற்றினார். இரண்டையும் சேர்ட் பைக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டினார்.

எங்கள் அலுவலகத்தில் தேநீரிலிருந்து தபால்வரை எல்லாவற்றுக்கும் பொறுப்பான குணம் அண்ணனால் சும்மா இருக்க முடியவில்லை.

"என்ன மனே, பொம்புளை பாக்கவா வந்த? சப்பாத்தெல்லாம் பலமா இரிக்கி."

"கால்ல பத்து விரல் இரிக்கி அண்ணன். பத்தையும் பின்னேரம் வீட்ட கொண்டுபோகணும்."

வந்தவர் பெயர் றிஸ்வான். காத்தான்குடிக்காரர். ஆறு வருடம் டோஹாவில், ஒரு மண்டபம் நிறைய இரும்புக் கூடுகளில் அடுக்கிய கணினிப் பெட்டிகளைப் பராமரித்தவர். யுத்தம் முடிந்த செய்தி கேட்டு ஊர் திரும்பியவர்களில் ஒருவர். எங்களுக்கு ஒரு சுவிட்ச் பூட்ட வந்திருந்தார்.

சுவரில் தட்டினால் லைட் எரியுமே, அந்தச் சுவிட்ச் அல்ல. அலுவலகக் கணினிகள் எல்லாவற்றையும் வயரால் இணைத்து, ஒன்றோடொன்று பேசவைக்கும் தட்டையான பெட்டி. அது தனியாக வராது. ஆளுயர இரும்புக் கூடு ஒன்று வேண்டும்... அதற்கு ரேக் என்று பெயர். கூடவே கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி ஒன்று, கரண்ட் போனால் கைகொடுக்கும் யூ.பி.எஸ். ஒன்று. இந்தக் கடைசிப் பொருளின் பாரம் முப்பத்திரண்டு கிலோ. பெட்டியிலேயே எழுதியிருந்தது. இரண்டு பேர் தூக்கவேண்டும் என்று படமும் போட்டிருந்தது.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும் — வாரத்தில் மூன்று நாள் நாவற்குடாவில் ஒரு நிவாரண அலுவலகத்தில் அறிக்கை எழுதுகிறேன். தெரியாதது, அந்த அலுவலகத்தின் உயரம். கட்டடத்தின் உயரத்தைச் சொல்லவில்லை, சாமான்களின் உயரத்தைச் சொல்கிறேன். பிறின்ரர் அலுமாரிக்கு மேலே. பிளக் பொயின்ற் எல்லாம் தோளுயரத்தில். தண்ணீர் குடிக்கவேண்டுமா? குதிக்கால் உயர்த்தி எட்டவேண்டும்.

இது தவமணி அக்காவின் சட்டம். அக்காதான் பொறுப்பாளர். சுனாமி வந்த காலை அவருடைய அலுவலகம் கல்லடியில், கடலுக்கு மிகக் கிட்ட இருந்தது. அங்கிருந்த கோப்புகளில் ஒரு தாள் மிஞ்சவில்லை. பிறகு மூன்று மாதம் முகாம் முகாமாகப் போய், ஞாபகத்திலும் விசாரிப்பிலும் பெயர்களைக் கையால் திரும்ப எழுதினார். சில பெயர்கள் விடுபட்டுப்போயின. விடுபட்டவர்களில் ஒரு பெண் இப்போதும் சந்தையில் கண்டால் கேட்கிறாராம்: "அக்கா, என்ர பேர் வந்திச்சா?"

அதன்பிறகு அக்கா நெஞ்சுக்குக் கீழே எதையும் வைப்பதில்லை. உங்களால் குறை சொல்ல முடியுமா? என்னால் முடியாது.

அன்றைக்கு ரேக்குக்குப் போகவிருந்தது என்ன தெரியுமா? கதிரவெளி மக்களின் வீட்டுக் கோப்புகள். சுனாமியில் ஒருமுறை, யுத்தத்தில் ஒருமுறை என இரண்டு தடவை வீட்டை விட்டு ஓடியவர்கள். காணி உறுதி, அடையாள அட்டை, இடிந்த சுவரின் படம் என்று அவர்கள் கொண்டுவந்த எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்திருந்தோம். அந்த வார முடிவுக்குள் கொழும்புக்கு அனுப்பினால்தான் இந்தச் சுற்றில் வீடு. முதல்நாள்தான் அத்தனையையும் புதிய பெட்டிக்கு மாற்றி, பழைய கணினியிலிருந்த எல்லாவற்றையும் அழித்து, அதை ஒரு பாடசாலைக்குக் கொடுத்திருந்தோம். ஆக, உலகத்திலேயே அந்தக் கோப்புகள் இருந்தது ஒரேயோர் இடத்தில்தான். அது எங்கள் மேசையில் இருந்தது. அக்கா அதன்மேல் ஒரு கையை வைத்தபடியே தேநீர் குடித்தார்.

றிஸ்வான் தரையில் குந்தியிருந்து யூ.பி.எஸ்ஸை ரேக்கின் அடித்தட்டுக்கு நேராக நகர்த்தினார்.

"தம்பி, அது மேல."

"இது பாரம் அக்கா. பாரம் எப்பவும் அடியில."

"தண்ணி அடியிலதான் வரும்."

"தண்ணி வந்தா பாப்பம். பாரம் இப்பவே வந்திரிக்கி."

குணம் அண்ணன் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"நீங்க அப்ப இங்க இருந்தீங்களா தம்பி?"

றிஸ்வான் யூ.பி.எஸ்ஸிலிருந்து கையை எடுத்தார். "இல்ல அக்கா. டோஹாவில. ரி.வி.யிலதான் பாத்தன்."

"நான் ரி.வி.யில பாக்கல்ல."

அதோடு அந்தப் பேச்சு நின்றது. வேலை மட்டும் நடந்தது. சுவிட்சைப் பூட்டினார். வயர்களுக்கு நம்பர் ஒட்டினார். காற்றுப் போகும் துவாரங்களைக் காட்டி, "இதுக்கு மேல ஃபைல் அடுக்காதீங்க, இது மூச்சு விடுற இடம்" என்றார். இந்த வாவிக் காற்றின் உப்பும் பல்லியும்தான் பெட்டிக்கு எமன், மாதத்துக்கு ஒருதரம் கரண்டை நிறுத்திவிட்டுத் தூசு தட்டவேண்டும் என்றார். மடிக்கணினி வைத்துப் பார்ப்பதற்காக மேலே, கழுத்துயரத்தில், இழுத்தால் முன்னுக்கு வரும் தட்டு ஒன்றைப் பூட்டினார். பிறகு தரையைத் தட்டிப் பார்த்து, கொண்டுவந்த போல்ட் இந்தத் தரைக்குக் காணாது என்றார்.

பன்னிரண்டேகால். லுஹர் தொழுதுவிட்டு, வரும் வழியில் போல்ட்டும் வாங்கி வருவதாகச் சொன்னார்.

"தரையோட பூட்டுறவரைக்கும் இதில ஒருத்தரும் கை வைக்காதீங்க."

ஓம் என்றோம். மூன்று பேரும் சொன்னோம்.

அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் அடங்கியதும் அக்கா எழுந்தார். "வந்தா திரும்ப வாதாடுவான். வரமுதல் வைச்சிருவம்."

இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பத்திரிகையில் வேலை பழகியவன். பார்த்ததைக் குறைக்காமல் எழுதவேண்டும். நான் ஒரு பக்கம் பிடித்தேன். மறுபக்கம் குணம் அண்ணன். கதிரையில் ஏறி, முப்பத்திரண்டு கிலோவை அந்த மேல்தட்டில் ஏற்றினோம். கோப்புப் பெட்டியை அதற்குப் பக்கத்தில் அக்காவே வைத்து, வயரையும் செருகினார். இரும்புக் கூட்டின் கீழ்ப்பாதி காலியாக இருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஒன்று நாற்பதுக்கு றிஸ்வான் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். கோபப்படவில்லை. சுவரோரம் நடந்துபோய் மெயின் சுவிட்சை நிறுத்தினார்.

"எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"ஒண்டும் ஆகல்ல தம்பி. பாருங்க, வடிவா இரிக்கி" என்று அக்கா தட்டை முன்னுக்கு இழுத்துக் காட்டினார்.

தட்டு வந்தது. அதோடு ரேக்கும் வந்தது.

விழுவது என்றால் சடாரென்று விழும் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. முதலில் பின்கால்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பின, யாரோ யோசித்து யோசித்து எழும்புவதுபோல. பிறகு யோசனை முடிந்துவிட்டது.

"விடுங்க அக்கா, பின்னுக்குப் போங்க!" என்று றிஸ்வான் கத்தினார்.

அக்கா ஒரு அடி பின்வாங்கினார். ரேக் முன்னாலிருந்த என் மேசையில் சாய்ந்து, சரிவாக நின்றது. யூ.பி.எஸ். வழுக்கி விழுந்து இரண்டு தரை ஓடுகளைத் தூளாக்கியது. அது விழுந்த இடத்தில்தான் அக்காவின் பாதம் இருந்தது, அதற்கு முந்திய நொடியில். கோப்புப் பெட்டியும் விழுந்தது... ஆனால் தரைக்கு வரவில்லை. செருகியிருந்த வயரில் தொங்கி, ரேக்கின் கம்பியில் மோதி மோதி ஆடியது.

அக்கா அதைப் பிடிக்கப் பாய்ந்தார். சாய்ந்து நின்ற இரும்பின் அடியில், கையை நீட்டிக்கொண்டு.

றிஸ்வான் இந்தத் தடவை சத்தம் போடவில்லை. குறுக்கே வந்து நின்றார்.

"அக்கா. பொட்டிக்குள்ள இரிக்கிறத நான் எடுத்துத் தருவன். உங்கட கைய எடுத்துத் தர எனக்கு ஏலாது."

அக்கா கையை எடுத்தார். "கதிரவெளி முழுக்க அதிலதான் தம்பி இரிக்கி" என்றார்.

"தெரியும் அக்கா. தள்ளி நில்லுங்க."

முதலில் மேசைக்குக் கட்டைகளால் முட்டுக் கொடுத்தார்கள். பிறகு குணம் அண்ணனும் அவருமாக ரேக்கை நிமிர்த்தினார்கள். தூக்கமுதல் குணம் அண்ணன் தன் கால்களைப் பார்த்தார். வாசலுக்குப் போய்ச் செருப்பாவது போட்டுக்கொண்டு வந்தார். யாரும் பகடி பண்ணவில்லை.

பெட்டியைத் திறக்கும்போது மணி இரண்டேகால். உள்ளே இரண்டு டிஸ்க். இரண்டிலும் ஒரே கோப்புகள் இருக்குமாம். ஒன்று போனால் மற்றது. முதலாவதைத் தன் மடிக்கணினியோடு இணைத்தார். டிக், டிக், டிக் என்றது. மணிக்கூட்டுக்கு அழகான சத்தம். டிஸ்க்குக்கு அது மரணச் சத்தமாம். கழற்றி வைத்தார். அக்கா கதிரையில் உட்காராமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாவதை இணைத்தார். சத்தமில்லை. திரையிலும் ஒன்றுமில்லை. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். பிறகு வரிசையாகப் பெயர்கள் வந்தன.

அக்கா திரைக்குக் கிட்டப் போய், ஒவ்வொரு பெயராக, உதடு அசைய வாசித்தார். கடைசிப் பெயர்வரை. யாரும் அவசரப்படுத்தவில்லை.

எனக்கு ஒன்று தோன்றியது. எங்கள் ஊரில் யுத்த காலத்தில் ஜன்னலோரம் கட்டில் போடாத வீடுகள் எத்தனையோ. இன்றைக்கும் அந்த ஜன்னலோரம் வெறுமையாகத்தான் கிடக்கிறது. ஷெல் நின்றுவிட்டது, கட்டில் நகரவில்லை. தண்ணீர் வடிந்துவிட்டது, பிறின்ரர் இறங்கவில்லை. வந்துபோன ஆபத்துக்கு நாங்கள் எப்போதும் தயார். இனி வருவதுதான் வேறு உருவத்தில் வந்து தொலைக்கிறது — அதையும் நாமே கதிரையில் ஏறித் தூக்கிவைக்கிறோம்!

ஆனால் அக்கா கேட்ட அடுத்த கேள்வியில் நியாயம் இருந்தது. "அப்ப, தண்ணி வந்தா?"

றிஸ்வான் இம்முறை பகடியாகப் பதில் சொல்லவில்லை. "மேல வைச்சாலும் கீழ வைச்சாலும் அது ஒரு பொட்டிதான் அக்கா. இதில இரிக்கிறத இன்னொரு கொப்பி எடுப்பம். அது இந்த ஊரில இரிக்கப்படாது."

"புளியந்தீவில?"

"அந்தத் தீவச் சுத்தித் தண்ணிதானே."

யோசித்துப் பார்த்தோம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. எங்கே வைப்பது? கடைசியில் அக்காவுக்கு, மலைநாட்டில், பதுளையில் இருக்கும் தங்கையின் ஞாபகம் வந்தது.

அன்று பின்னேரம் யூ.பி.எஸ்ஸுக்குப் பதிலாக வேறொன்று வரவழைத்து, அடித்தட்டில் வைத்து, ரேக்கைத் தரையோடும் சுவரோடும் பூட்டினார் றிஸ்வான். கதிரவெளிக் கோப்புகள் மறுநாளே கொழும்புக்குப் போய்விட்டன. கொப்பி எடுத்த டிஸ்க்கை அக்கா துவாயில் சுற்றி ஒரு பைக்குள் வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை, பதுளைக்குப் போகும் அக்காவோடு பஸ் நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். அக்காவுக்கு முன் ஆசனம் கிடைத்தது. கொண்டக்டர் பையைப் பார்த்துவிட்டுக் கை நீட்டினார்.

"தாங்க அம்மா, மேல போட்டுவிடுறன்."

"வேணாம் தம்பி. விழும்."

பஸ் ஆறு பத்துக்குப் புறப்பட்டது. பை அக்காவின் கால்களுக்கு நடுவே, தரையில் இருந்தது.