பாட முடியாமல் போன தவக்காலம்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த முதல் சில வருடங்களில் ஒரு தவக்காலம். காரைக்காலில் எங்கள் பங்குக் கோவிலில், தவக்காலத்தைத் தொடங்கிவைக்கும் சாம்பல் புதன் பூசை நடந்துகொண்டிருந்தது. தியானப் பாட்டின் இரண்டாம் அடியைத் தொட்டபோது என் தொண்டை அடைத்துக்கொண்டது.

சுக்கு, மிளகு, பனங்கற்கண்டு எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் என் கணவர் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனார். குரல் நாணில் சின்னதாக ஒரு கட்டி என்றார் மருத்துவர்.

"ஒன்றரை மாசம் வாயே திறக்கக் கூடாதும்மா. ரகசியம் பேசுற மாதிரிகூடப் பேசாதீங்க. அதுலயும் கரையலன்னா ஆபரேஷன்தான். அப்புறம் பழைய குரல் வருமான்னு என்னால உறுதியா சொல்ல முடியாது."

ஒன்றரை மாதம் என்றால் ஈஸ்டர் முடியும்வரை. பேருந்தில் ஊர் திரும்பும்போது ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன். எங்கள் கோவிலில் பாடகர் குழுவை நடத்துவது நான். ஞாயிறு மறைக்கல்வி, பீடத்துக்குப் பூ, மாதா சபைக் கூட்டம் எல்லாவற்றிலும் நான் இருப்பேன். பள்ளிக்கூட வேலை போக மீதி நேரமெல்லாம் கோவில்தான். "டீச்சர் வரலேன்னா இங்க ஒண்ணும் நடக்காது" என்று பங்குச் சாமியார் சொல்லிச் சிரிப்பார். அதைக் கேட்க எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பள்ளிக்கு மருத்துவ விடுப்பு போட்டேன். வீட்டில் என் கணவர் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினார். நான் கை ஜாடையில் உப்பு கேட்டால் புளியை எடுத்து வருவார். நான் முறைத்தால், "சரி சரி, இப்பத்தான் நீ பேசுறது நல்லா புரியுது" என்பார். சிரிக்கவும் சத்தம் வரக்கூடாது. வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

ஆனால் மனசு ஆறவில்லை. கோவிலில் ஆர்மோனியம் வாசிக்கும் தம்பி குழுவைப் பார்த்துக்கொண்டான். நானில்லாமல் தடுமாறுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் நன்றாகவே பாடினார்கள். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

ஒரு நாள் காலை, திருவேட்டக்குடியிலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா வாசலில் கூடையை இறக்கினார். அவர் விலை சொன்னார், நான் தலையை ஆட்டினேன். பேரம் பேசாத என்னை அவர் பார்த்ததே இல்லை.

"என்னா டீச்சரம்மா, பேச மாட்டேங்கிறீங்க?"

நான் வாயில் விரலை வைத்துக் காட்டினேன்.

"அட, மௌன விரதமா! உங்க சாமிக்கா?"

இல்லை, தொண்டையில் கட்டி என்று ஜாடையில் எப்படிச் சொல்வது? அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்கே தெரியாமல் ஆமாம் என்று தலையசைத்துவிட்டேன்.

"நல்லா இருப்பீங்கம்மா" என்று சொல்லி, கூட ஒரு கை நெத்திலியை அள்ளிப் போட்டுவிட்டுப் போனார்.

அந்த நெத்திலியை ஆயும்போது ஒரு மாதிரியாக இருந்தது. சாமிக்காக என்று சொல்லியாகிவிட்டது. கொஞ்சமாவது உண்மையாக இருக்கட்டுமே என்று அன்று மதியம் கோவிலுக்குப் போனேன்.

யாருமில்லை. நடுப் பெஞ்சில் உட்கார்ந்தேன். நான் எப்போதும் பக்கவாட்டில், மைக் பக்கத்தில் இருப்பவள். நடுவிலிருந்து பீடத்தை நேராகப் பார்த்ததில்லை. செபிக்கலாம் என்று கண்ணை மூடினால், பீடத் துணி துவைக்கப் போட வேண்டும், குருத்தோலை ஞாயிறுக்கு ஓலை வெட்ட ஆள் சொல்ல வேண்டும் என்று வேலைதான் வரிசையாக வந்தது. ஆண்டவரிடம் சொல்ல என்னிடம் வேறு ஒன்றுமே இல்லை. கல்லூரி நாட்களில் ஒரு வேலையும் இல்லாமல், சும்மா அவரோடு இருக்கப் பிடிக்கும் என்பதற்காகவே கோவிலுக்கு வந்து உட்காரும் ஒரு பெண் இருந்தாள். அவளை எங்கே விட்டேன் என்று தெரியவில்லை.

அதன்பின் தினமும் மதியம் போனேன். ஒரு நாள் என் கணவர் அலுவலகத்திலிருந்து நேராக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மெதுவாகச் சொன்னார்: "நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி நீ பாடுறப்ப கண்ண மூடிக்குவ. அதப் பாத்துத்தான் உன்னைப் புடிச்சுது. இப்பல்லாம் யாரு சுருதி தப்புறாங்கன்னு பாத்துக்கிட்டே பாடுற."

கோபம் வரவில்லை. அவர் தோளில் சாய்ந்துகொண்டேன்.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தின் பாதங்களை முத்தி செய்ய ஜனங்கள் வரிசையாகப் போவார்கள். அத்தனை பேரும் போய்த் திரும்பும்வரை பாட்டு நிற்காமல் போக வேண்டும். அதனால் வருடா வருடம் நான் கடைசியில் ஓடிப்போய், அடுத்த பாட்டை யோசித்துக்கொண்டே உதட்டை வைத்துவிட்டு வருவேன். அந்த வருடம் முதன்முறையாக என் கணவருக்கு முன்னால், செருப்பில்லாத கால்களோடு, எல்லோரையும்போல வரிசையில் நகர்ந்தேன்.

முழங்காலிட்டபோது அந்தப் பாதங்கள் என் முகத்துக்கு நேராக இருந்தன. ஆணி அடித்த இடத்தில் வர்ணம் தேய்ந்திருந்தது. எத்தனையோ பேர் முத்தமிட்டுத் தேய்ந்த இடம். இத்தனை வருடம் இவருக்காகத்தானே பாடினேன்? இவரை ஒரு முறைகூட நின்று பார்க்கவில்லையே என்று தோன்றியது. பாட முடியவில்லை, ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. கொடுக்க ஒன்றுமே இல்லாமல் அந்தப் பாதங்களில் முகத்தை வைத்தேன். அவர் என்னிடம் எதையும் கேட்கவும் இல்லை. நான் வந்ததே அவருக்குப் போதும் என்பதுபோல் இருந்தது. பின்னால் வரிசை நின்றுபோனதுகூட எனக்குத் தெரியாது. என் கணவர்தான் அவசரப்படுத்தாமல் முதுகில் கை வைத்து எழுப்பினார்.

ஈஸ்டருக்கு அடுத்த வாரம் மருத்துவர் பார்த்தார். கட்டி கரைந்திருந்தது. "இனிமே பேசலாம். மேல் ஸ்தாயி மட்டும் வேணாம்" என்றார். வெளியே வந்ததும் என் கணவர் ஆவலாகக் கேட்டார்: "மொதல்ல என்ன பேசப்போற?"

"பசிக்குதுங்க" என்றேன். கரகரவென்று அந்நியமாக வந்த அந்தக் குரலைக் கேட்டு நடுரோட்டில் நின்று இரண்டு பேரும் சிரித்தோம்.

குழுவை அந்தத் தம்பியே நடத்தட்டும் என்று சொல்லிவிட்டேன். இப்போது பின்வரிசையில், கீழ் ஸ்தாயியில் பாடுகிறேன். கோவில் வேலைகள் இன்றும் உண்டு. முன்பைவிடப் பிரியமாகவே செய்கிறேன். ஆனால் நான் செய்யும் வேலையைவிட என்னைத்தான் ஆண்டவருக்குப் பிடிக்கும் என்று தெரிந்துகொண்ட பிறகு, முதலில் அவரோடு கொஞ்ச நேரம் சும்மா உட்காராமல் எந்த வேலையையும் தொட எனக்கு மனசு வருவதில்லை.