மயில் நிறத்தில் சிவப்பு

இரண்டு வருடம் முன்பு, தைப்பூசம் முடிந்த மறு வாரம் நடந்தது இது. அப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் இரண்டாவது மாடியில் இருந்த சின்ன கணினி நிறுவனத்தில் புரோகிராமராக இருந்தேன். மொத்தமே ஏழு பேர். கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. பதினோரு மணிக்கே ரசம் வாசனை மேலே ஏறி வந்துவிடும். அதற்குப் பிறகு நாங்கள் யாரும் ஒழுங்காக வேலை பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

கிள்ளானில் இருக்கும் ஒரு ஜவுளிக்கடைக்கு நாங்கள் இணையத்தளம் செய்து கொடுத்திருந்தோம். இங்கே இப்போதெல்லாம் கல்யாணம் என்றால் குடும்பம் முழுக்க ஒரே நிறத்தில் உடுத்த வேண்டும். மாமா சட்டையிலிருந்து சின்னக் குழந்தையின் பாவாடை வரை எல்லாம் 'தீம் கலர்'தான். தளத்தில் நிறத்தைத் தொட்டுத் தேர்ந்தெடுத்தால் ஆர்டர் நேராக ஸ்ரீ கெம்பாங்கானில் உள்ள துணி அச்சடிக்கும் பேக்டரிக்குப் போகும். அவர்கள் அதே நிறத்தில் துணி அச்சடித்துக் கொடுப்பார்கள்.

கணினியில் ஒவ்வொரு நிறத்துக்கும் எண்ணும் எழுத்தும் கலந்து ஆறு எழுத்தில் ஒரு குறியீடு உண்டு. முதல் இரண்டு எழுத்து சிவப்பு எவ்வளவு என்று சொல்லும், அடுத்த இரண்டு பச்சை, கடைசி இரண்டு நீலம். பேக்டரி மெஷினுக்கு அந்தக் குறியீடு புரியாது. அதை மூன்று எண்ணாகப் பிரித்து அனுப்ப வேண்டும். பைத்தான் என்ற கணினி மொழியில் அந்த மாற்றத்தை எழுதியவள் நான்தான். பத்து வரிதான் இருக்கும், ஆனால் அந்தப் பத்து வரி மேல் எனக்கிருந்த பெருமையைக் கேட்காதீர்கள். ஆறு மாதமாக அதில் ஒரு குறை வந்ததில்லை.

அந்த மாதம்தான் எங்கள் ஆபீசில் ஒரு தம்பி புதிதாகச் சேர்ந்திருந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். பூச்சோங்கிலிருந்து தனியாகவே ரயிலேறி வருவார். எங்கள் தளங்களைப் பார்வையற்றவர்களும் சிரமமில்லாமல் பயன்படுத்த முடிகிறதா என்று சோதிப்பது அவர் வேலை. திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் மென்பொருளை ஒரு காதில் மாட்டிக்கொள்வார். அது கடலை பொரிகிற வேகத்தில் பேசும், எங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. நிறம் விற்கிற தளத்துக்குக் கண் தெரியாதவரா என்று நான் பாஸிடமே கேட்டேன். இதை எழுதும்போது கூசுகிறது. பார்வையற்றோர் சங்கம் இருக்கும் பிரிக்பீல்ட்ஸில், வெள்ளைக் கைத்தடியோடு நடப்பவர்களுக்கு வழிவிட்டுத்தான் தினமும் ஆபீசுக்கு வருவேன். என் மரியாதை அந்த வழிவிடுதலோடு முடிந்திருந்தது.

அந்த வாரம் கிள்ளானில் ஒரு கல்யாண வீட்டார் மயில் நிறம் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மூன்று மாதம் சண்டை போட்டுப் பெண்ணும் அத்தைகளும் ஒரு வழியாக ஒத்துக்கொண்ட நிறம் என்று கடைக்கார அக்கா சொன்னார். பேக்டரியிலிருந்து மாதிரித் துண்டு வந்தது. பார்த்தால் அழுகிப்போன கீரை நிறம். பெண்ணின் அம்மா கடையிலேயே உட்கார்ந்து அழுதாராம்.

நான் உடனே என் பத்து வரியை ஓட்டிப் பார்த்தேன். மயில் நிறத்தின் குறியீட்டைக் கையால் தட்டிக் கொடுத்தேன். பூஜ்யம், நூற்று ஒன்பது, நூற்றுப் பத்தொன்பது என்று சரியாக வந்தது. எங்கள் பக்கம் தப்பே இல்லை என்று பேக்டரிக்கு ஒரு மெயில் போட்டேன். திரும்ப அச்சடித்தார்கள். இரண்டாவது துண்டும் அதே கீரை. எனக்கு வந்ததே கோபம். இந்த முறை மெயிலில், வந்த எண்ணை மாற்றாமல் போடத் தெரிந்த ஆளை மெஷினில் உட்கார வையுங்கள் என்று எழுதிவிட்டேன்.

மறுநாள் காலை ஒரு போன் வந்தது. பேக்டரியில் மெஷின் ஓட்டும் அண்ணன். பதினான்கு வருடமாக அங்கே இருக்கிறாராம். இரண்டு முறை கெடுத்துவிட்டார் என்று மேனேஜர் அவரை அன்றோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார். அவர் சத்தம் போடவில்லை, என்னைத் திட்டவும் இல்லை.

"மிஸ், நான் எதையும் தொடல. நீங்க அனுப்புன பைல்ல இருந்ததத்தான் போட்டேன். சாயங்காலத்துக்குள்ள ஒரு வாட்டி பார்த்துச் சொல்லுங்க மிஸ்."

பைலில் என்ன இருந்தது என்று கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல நானும் நக்கலாகத் திருப்பிச் சொன்னேன்: நூற்று ஒன்பது, நூற்றுப் பத்தொன்பது, பூஜ்யம். எண்ணை இடம் மாற்றித் தட்டிவிட்டு மழுப்புகிறார் என்றே நினைத்தேன். நான் பார்த்துவிட்டேன் அண்ணே, எங்கள் பக்கம் எல்லாம் சரி என்று சொல்லிப் போனை வைத்தேன்.

பக்கத்து மேசையிலிருந்து அந்தத் தம்பி காதிலிருந்ததைக் கழற்றினார்.

"அக்கா, மயில் நிறத்துல சிவப்பு எப்படி வந்துச்சு?"

எனக்குப் புரியவில்லை. முதல் எண் சிவப்புதானே, நீங்கள் இப்போது நூற்று ஒன்பது என்று சொன்னீர்களே, மயில் நிறத்துக்குச் சிவப்பு பூஜ்யமாயிற்றே என்றார். நிறத்தைப் பற்றி இவர் எனக்குச் சொல்கிறாரா என்று ஒரு கணம் எரிச்சல் வந்தது உண்மை. அதைத்தான் அந்த ஆள் மாற்றிப் போட்டிருக்கிறார் என்றேன். அப்படியென்றால் பேக்டரிக்குப் போன பைலையும் வாடிக்கையாளர் கொடுத்த ஆர்டரையும் எனக்கு அனுப்புங்கள், கேட்டுப் பார்க்கிறேன் என்றார். பார்த்துவிட்டேன், பார்த்துவிட்டேன் என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த நான் அந்த இரண்டையும் திறக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நான் சோதித்ததெல்லாம் என் கையால் தட்டிய குறியீட்டைத்தான்.

ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை.

"ஆர்டர்ல ஆறு எழுத்து கேக்குது அக்கா. ஸ்டோர் பண்ணதுக்கு அப்புறம் நாலுதான் கேக்குது. முன்னால ரெண்டு பூஜ்யத்தைக் காணோம்."

விஷயம் அவ்வளவுதான். ஆர்டரைச் சேமிக்கும்போது என் புரோகிராம் குறியீட்டை ஓர் எண்ணாக மாற்றி வைத்தது. எண்ணுக்கு முன்னால் வரும் பூஜ்யத்தைக் கணினி மதிப்பதில்லை, உதறிவிடும். திரும்ப எடுத்தபோது மிஞ்சியது நான்கு எழுத்து. பச்சைக்குரியது சிவப்பின் இடத்துக்கும், நீலத்துக்குரியது பச்சையின் இடத்துக்கும் நகர்ந்துவிட்டன. நீலம் ஒன்றுமில்லாமல் போயிற்று. மயில், கீரையாகிவிட்டது. ஆறு மாதம் இது ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். அதுவரை வந்த ஆர்டரெல்லாம் அரக்கு, மாம்பழ மஞ்சள், ரோஸ். நம் ஆட்கள் சிவப்பே கலக்காத நிறத்தைக் கல்யாணத்துக்கு எப்போது எடுத்திருக்கிறார்கள்? எடுத்த முதல் குடும்பம் மாட்டிக்கொண்டது.

ஆறு எழுத்து வரும்வரை முன்னால் பூஜ்யம் போடு என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன். சரியாகிவிட்டது. நான் எப்படிப்பட்டவள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதிய பைலை அனுப்பிவிட்டு, இந்த முறை கவனமாகப் போடுங்கள் என்று ஒரு வரி எழுதினால் யாருக்கும் தெரியாது என்ற எண்ணம் எனக்கு வந்தது. விரல் கீபோர்டில் இருந்தது.

"சரி பண்ணியாச்சுலா. அந்த அண்ணனுக்கு யாரு சொல்றது?" என்றார் தம்பி. குத்திக் காட்டவில்லை. டீ சொல்லட்டுமா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

மேனேஜருக்குப் போன் போட்டு, தப்பு என் புரோகிராமில்தான், அந்த அண்ணன் மேல் ஒன்றுமில்லை என்றேன். நாளைக்கு அவரை வரச் சொல்கிறேன் என்று மட்டும் மேனேஜர் சொன்னார். பிறகு பாஸிடமும் போய்ச் சொன்னேன். வாங்க வேண்டியதை நின்று வாங்கிக்கொண்டேன்.

போனில் மன்னிப்புக் கேட்டால் போதாது என்று தோன்றியது. மறுநாள் சனிக்கிழமை, ஸ்ரீ கெம்பாங்கானுக்குக் கிளம்பினேன். தம்பியும் வருகிறேன் என்றார். அந்த அண்ணன் ஐம்பதை நெருங்கும் ஒல்லியான மனிதர், விரலிடுக்கெல்லாம் மை. நான் ஆரம்பிக்கும் முன்பே வெயிலில் வந்திருக்கிறீர்கள் என்று ஒரு பையனிடம் தேத்தண்ணீர் ஐஸ் வாங்கி வரச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டதற்குத் தலையாட்டினார்; என்னிடம் அவர் பேசியது அவ்வளவுதான். தம்பியைத்தான் அவர் விடவே இல்லை. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

"அக்காவுக்கு நிறத்தப் பார்த்தா போதும், எண்ணு தேவைப்படாது. எனக்கு எண்ணுதான் அண்ணே நிறம். பூஜ்யம், நூத்தி ஒம்பது, நூத்தி பத்தொம்பது. அதான் எனக்கு மயில். அது மாறுனா எனக்கு எல்லாமே மாறிடும்."

அண்ணன் கெட்டுப்போன துண்டு ஒன்றையும், அன்று காலை அச்சடித்த மயில் நிறத் துண்டையும் கொண்டுவந்து தம்பியின் இரண்டு கையிலும் கொடுத்தார். தம்பி இரண்டையும் நிதானமாகத் தடவிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒன்னாத்தானே இருக்கு. இதுக்கா இவ்ளோ சண்டை?"

அந்த அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முந்தின நாள் வேலையை இழந்து நின்ற மனிதர் அப்படிச் சிரிப்பதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணம் மயில் நிறத்திலேயே நடந்தது. கடைக்கார அக்கா படம் அனுப்பியிருந்தார். அதில் அத்தைகள் எல்லோரும் ஒருவழியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் இப்போது வேறு நிறுவனத்தில் இருக்கிறேன். எதையும் அனுப்பும் முன் எழுத்தெழுத்தாக வாய்விட்டுப் படிப்பேன். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். யார் மேலாவது குறை சொல்லிவிட்டு "நான் பார்த்துட்டேன்" என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், மயில் நிறத்தில் சிவப்பு எப்படி வந்தது என்று கேட்ட அந்தக் குரல் என்னை நிறுத்திவிடுகிறது. நான் படித்துக் காட்டும் மென்பொருளைப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு திரும்ப முதலிலிருந்து கேட்க ஆரம்பிக்கிறேன்.