ஒப்ரெனின் கடையில் பேருந்து நிற்காது

மலை நகரமான உஜிட்சேயிலிருந்து கடற்கரைக்குப் போகும் சனிக்கிழமைப் பேருந்தை இருபத்தாறு வருடமாக ஓட்டுகிறவள் ரதோய்கா. பயணிகள் ஐம்பது பேரும் எங்கே சாப்பிடுவது என்பது அந்த வழியில் ஓட்டுநர் கையில்தான். வண்டி நிற்கும் உணவகம் பிழைக்கும். ஓட்டுநருக்குத் தனி மேசையும் ஓசிச் சாப்பாடும் உண்டு.

கணவாய்க்குக் கீழே ஒப்ரெனின் உணவகம் வந்ததும் அவள் வேகத்தைக் குறைப்பாள். அவர் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு ஆக்ஸிலரேட்டரை ஒரே அழுத்தாக அழுத்திக்கொண்டு போவாள். முதல் சில வருடம் ஒப்ரென் வாசலுக்கு ஓடி வந்தார். இப்போது நாற்காலி போட்டு உட்கார்ந்து முறைக்கிறார். பழிவாங்க இவ்வளவு பெரிய வண்டி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அந்த நிமிடத்துக்காகவே வாரம் முழுவதும் காத்திருப்பாள்.

அவளுக்கு ஒன்பது வயதில் நடந்தது அது. அப்பா வுகாஷின் ஆலைத் தொழிலாளி. கோடையில் ஐந்து பேரும் சின்ன ஃபியட்டில் அடைந்துகொண்டு கடலுக்குக் கிளம்புவார்கள். கணவாயில் இன்ஜின் கொதித்துவிடும். அது ஆறும்வரை அம்மா பாடுவாள். தம்பிகள் ஜன்னலோரத்துக்கு அடித்துக்கொள்வார்கள். பிறகு ஒப்ரெனின் மரத்தடி மேசை. வீட்டிலிருந்து கொண்டுவந்த கோழியைப் பிரித்து வைத்து, குடிக்க மட்டும் வாங்குவது எல்லாக் குடும்பங்களும் செய்ததுதான். அப்பா மட்டும் ஒரு மீன் சூப் வாங்குவார். ஒரு கிண்ணம், ஐந்து கரண்டி.

அந்த வருடம் கடையில் பெரிய மனிதர்கள் கூட்டம். ஒப்ரென் வந்தார். கோழி, தக்காளி, அவித்த முட்டை எல்லாவற்றையும் மேசைவிரிப்போடு சேர்த்து நாலு முனையும் முடிந்து அப்பா கையில் கொடுத்தார்.

"இது என்ன சத்திரமா? மூட்டை கட்டியாச்சு, கெளம்பு!"

அப்பா அசட்டுச் சிரிப்பு சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் ரதோய்காவால் மன்னிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் எந்தக் கடையிலும் இறங்கவில்லை, காருக்குள்ளேயே சாப்பாடு. அம்மாவும் பாடவில்லை. பாவி, அவளுடைய கோடைகளையே சுருட்டிக் கொடுத்துவிட்டான்.

போன ஆகஸ்டில், காரை விற்றபின் முதல்முறையாக அப்பா கடலைப் பார்க்கக் கிளம்பினார். எண்பத்து நான்கு வயது. அவரை முன் இருக்கையில் உட்காரவைத்திருந்தாள்.

"இப்ப பாருங்கப்பா வேடிக்கைய," என்று வேகத்தைக் குறைத்தாள்.

அப்பாவின் முகம் மலர்ந்தது. "நிறுத்தும்மா, மீன் சூப் குடிக்கலாம். அது மாதிரி அப்புறம் எங்கேயும் கெடைக்கல."

"உங்க கையில மூட்டை கட்டிக் குடுத்தானே, மறந்துட்டீங்களா?"

"மறப்பேனா? அவன் பண்ணது தப்பு. சூப்பு என்ன பண்ணுச்சு?"

"செத்தாலும் நிறுத்த மாட்டேன்."

"சாகப்போறது நான்தானே. எனக்காக ஒரு தடவ நிறுத்து."

ஒப்ரென் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். ரதோய்கா ஒரே அழுத்தாக அழுத்தினாள்.

வளைவு தாண்டி, வழக்கமான கடையில் எல்லோரும் இறங்கினார்கள். அப்பா மட்டும் அசையவில்லை.

"எறங்குங்கப்பா. ஆட்டுக்கறி சுடச்சுட இருக்கு."

"அன்னைக்கு அவன் வெரட்டினப்ப, இன்னொரு நாள் வந்துக்கலாம்னு நெனச்சேன். இன்னைக்கு நீ வெரட்டிட்ட. எனக்கு இனிமே ஏது இன்னொரு நாள்?"

அவளுக்குச் சுருக்கென்றது. உள்ளே போய், ஓட்டுநர் மேசையில் உட்கார்ந்து, இரண்டு பேர் கறியையும் தன் முன்னே இழுத்து வைத்துக்கொண்டாள். ஒரு துண்டு விடாமல் தின்றாள்.