அக்காவும் நானும் எதிரெதிர் வேட்பாளர்கள்

2001-ல் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது, கொல்லிமலையில் எங்கள் பகுதி ஒன்றியக் கவுன்சிலர் இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் ஒரு கட்சி, அக்கா வீட்டுக்காரர் எதிர்க்கட்சி. ஆளைத் தேடி எங்கே அலைவது? இவர் என்னை நிறுத்தினார், மாமா அக்காவை நிறுத்திவிட்டார்!

அம்மா இறந்தபோது எனக்கு விவரம் தெரியாத வயசு. தலை சீவிவிட்டு, சோறு ஊட்டி, கல்யாணம் வரை எல்லாம் பார்த்தது அக்காதான். அவளுக்குக் குழந்தை இல்லை. ஓட்டுப்பதிவு முடியும்வரை அவளோடு பேசக்கூடாது என்று எங்கள் கட்சிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தப் பக்கமும் அதே கண்டிஷன்.

திண்ணனூர் நாடு என்கிற மலையூர்ப் பக்கம் ஒற்றையடிப் பாதையில் ஓட்டுக் கேட்டுப் போனால், அவள் எதிரே வருவாள். கூட வந்தவர்கள் போட்டி போட்டுக் கோஷம் போடுவார்கள். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டே கடந்துபோவோம். வீட்டுக்கு வந்தால் எனக்குச் சோறு இறங்காது.

கடைசி நாள் சந்தைத் திடலில் எங்கள் கூட்டம். கீழே டவுனிலிருந்து வந்த பேச்சாளர் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று, "ஒரு புள்ளையப் பெத்து வளர்க்கத் தெரியாத அம்மாவா ஊரை வளர்க்கப் போவுது?" என்றார். கூட்டம் சிரித்தது.

நான் எழுந்துபோய் அவர் கையிலிருந்த மைக்கை வாங்கினேன். அதுவரை மேடையில் வணக்கம் மட்டுமே சொல்லிப் பழக்கம்.

"அவங்க எங்கக்காங்க. என்னை வளர்த்ததே அவங்கதானுங்க. எனக்கு ஓட்டுப் போட்டாலும் சரி, போடாட்டியும் சரி. அவங்களப் பேசி எனக்கு ஓட்டுக் கேக்க வேண்டாமுங்க."

அதற்குமேல் அழுகை வந்துவிட்டது. பேச்சாளர் பாதியிலேயே இறங்கிப் போய்விட்டார். கட்சிக்காரர்கள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

ஜீப்பில் இவர் என் பக்கத்தில் உட்காராமல் முன்சீட்டில் போய் ஏறிக்கொண்டார். இன்றைக்கு நல்லா வாங்கிக் கட்டிக்கப் போகிறோம் என்று நினைத்தேன். வாசலில் இறங்கியதும், "பேசினது நாயந்தான். ஆனா இனி நமக்குச் சீட்டுக் கிடைக்காது, போ" என்று சிரித்துவிட்டார்.

ஓட்டுப்பதிவு அன்று பள்ளிக்கூட வரிசையில் பின்னாலிருந்து ஒரு கை என் தோளைத் தொட்டது. அக்கா. ரெண்டு கட்சிக்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்க, "சாப்ட்டியா கண்ணு?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். "ஓட்டுப் போட்டுட்டு எங்கூட்டுக்கு வா. களி கிண்டி வெச்சிருக்கேன்" என்றாள்.

தேர்தலில் நான் ஜெயிக்கவில்லை. அக்காவும் ஜெயிக்கவில்லை. சுயேச்சையாக நின்ற இன்னொரு அம்மா ஜெயித்து, எங்கள் ஊருக்கு நல்ல ரோடும் போட்டுக் கொடுத்தார்! அந்த ரோட்டில்தான் இப்போது மாமாவும் இவரும் ஒரே வண்டியில், அரசியலைப் பேசிச் சண்டை போட்டுக்கொண்டே சந்தைக்குப் போகிறார்கள்.

நான் இன்றும் அதே கட்சிதான், கூட்டமென்றால் மைக்கும் பிடிக்கிறேன். ஆனால் எதிரே நிற்கிறவளும் யாரோ ஒருத்திக்கு அக்காதானே என்ற நினைப்பு வந்துவிட்டால், கோபத்தில் சொல்லவந்த வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.