பண்ணை ஜீப்புக்கு கியர்பாக்ஸ் மாற்றிய வாரம்

பண்ணையாரின் ஜீப்பை இரண்டு வண்டிமாடுகள் இழுத்துக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நிறுத்தின. பிள்ளைகள் எல்லோரும் சிரித்துக்கொண்டே பின்னால் வந்தோம். உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த மாமா மட்டும் சிரிக்கவில்லை. அம்மாவின் தம்பியான அவர்தான் பண்ணைக்கு டிரைவர். மூன்றாவது கியர் தானே துள்ளி வெளியே வந்துவிடுகிறது என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது எந்தக் கியரும் விழவில்லை.

அப்பா மிஷன் பட்டறையில் தொழில் படித்தவர். நாகப்பட்டினம் ரோட்டில், வீட்டை ஒட்டிய கீற்றுக்கொட்டகையில்தான் அவருடைய வேலை. ஏலத்தில் எடுத்த பட்டாள ஜீப் ஒன்றின் கியர்பாக்ஸ் லாரியில் வந்து இறங்கியது. கூடவே பண்ணையின் காரியக்காரரும் வந்தார்.

"வெள்ளிக்கிழமை காலையில வண்டி வேணும். ஐயா கண்டிப்பா சொல்லிட்டாங்க."

"ஆயிடுங்க" என்றார் அப்பா.

அது குறுவை அறுப்புச் சமயம். புது ஆட்சி வந்திருந்தது. இனிமேல் கூலி கூடும் என்று அம்மா பிறந்த தெருவில் நம்பினார்கள். பண்ணை நிலத்தில் நட்டு அறுக்கிற அந்தத் தெருவே கூலியைக் கூட்டிக் கேட்டு, வயலில் இறங்காமல் உட்கார்ந்திருந்தது. மழை பிடித்து நெல் சாய்ந்துகொண்டிருந்தது. வெளியூர் ஆட்கள் பதினைந்து பேர் பண்ணைக் களத்தில் வந்து தங்கினார்கள். அறுக்க வந்தவர்கள் என்றுதான் நினைத்தேன். அவர்கள் கையில் அரிவாள் இல்லை, கம்புதான் இருந்தது. அதை நானும் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான்.

அந்தத் தெருவுக்கு வாய்க்காலைத் தாண்டிக் களிமண் பாதை. ஆட்கள் நடந்து போனால் ஒரு மைலுக்கு முன்பே தெருவுக்குத் தெரிந்துவிடும். மழைக்காலத்தில், நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் அதில் விரைவாகப் போகும்.

இரண்டு நாள் அப்பாவும் மாமாவும் ஜீப்புக்கு அடியிலேயே கிடந்தார்கள். பழைய கியர் பெட்டியைக் கயிறு கட்டி மெல்ல இறக்கினார்கள். புதியது எளிதில் பொருந்தவில்லை. அப்பாவின் விரல் முட்டிகள் தோலுரிந்து போயின. நான் கிட்டே போனால் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அம்மா ஒரு தரம் சோற்றுக்குக் கூப்பிடப் போய், வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டுச் சிவந்த கண்ணோடு திரும்பினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஜீப் கிளம்பியது. அப்போதுதான் கவனித்தேன். முன்சக்கரங்களுக்கு இழுவையைக் கொண்டுபோகிற நீளமான ஷாப்ட், கொட்டகை மூலையில் சாக்கால் மூடிக் கிடந்தது. அது இல்லாவிட்டால் முன்சக்கரம் இழுக்காது என்று முதல் நாள் அப்பாதான் எனக்குச் சொல்லியிருந்தார். ஓடிப்போய் ஜீப்பை மறித்தேன்.

"மாமா, அந்த ஷாப்ட மாட்டவே இல்ல!"

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அது பழசு பாப்பா. இனிமே வேணாம்" என்று சொல்லிவிட்டு மாமா வண்டியை எடுத்தார்.

மறுநாள் காலையில் கம்புக்காரர்களை ஏற்றிக்கொண்டு போன ஜீப் வாய்க்காலைத் தாண்டியதும் அச்சு வரைக்கும் சேற்றில் இறங்கிவிட்டது. மாமா ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்து எழுப்பிய இரைச்சல் எங்கள் வீடு வரை கேட்டது. தெருவுக்கும் கேட்டது. கம்புக்காரர்கள் சேற்றில் நடந்து போய்ச் சேர்வதற்குள் அங்கே ஒருவர்கூட இல்லை; பிள்ளைகுட்டிகளோடு வரப்பு வழியாக ஓடி மாதாகோயிலில் புகுந்துவிட்டார்கள். வந்தவர்கள் சட்டிபானைகளை உடைத்து, மூன்று குடிசைகளைப் பிய்த்துப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

மத்தியானம் காரியக்காரர் மாமாவையும் இரண்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"முன்சக்கரம் ஏன்யா இழுக்கல?"

"ஏலத்துல எடுத்த பெட்டிங்க. உள்ள பல்லு தேஞ்சிருக்கும். பிரிச்சுப் பாக்குறேன்" என்றார் அப்பா.

"என்னய்யா வேலை பாத்தே நீ? இதுக்கு ரெண்டு நாளா?"

அவர் திட்டிவிட்டுத் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார். அதோடு போயிருக்கும். ஆனால் அப்பாவின் வேலையைக் குறை சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை.

"எங்கப்பா வேலை ஒண்ணும் கெட்டுப்போவல. அந்த ஷாப்ட மாட்டவே இல்ல. நேத்தே நான் மாமாகிட்ட சொன்னேன்" என்று மூலையைக் காட்டினேன்.

காரியக்காரர் போய்ச் சாக்கை விலக்கிப் பார்த்தார். திரும்பி வந்து என் தலையைத் தடவினார்.

"கெட்டிக்காரப் பொண்ணு."

எனக்குப் பெருமையாக இருந்தது. மாமா அவசரமாகச் சொன்னார்: "மச்சானுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அவரு அந்தாண்ட போயிருந்தப்ப நான்தான் கழட்டி வச்சேன்."

அப்பா வாயைத் திறந்தார். அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். காரியக்காரரின் ஆட்கள் மாமாவை நடுவில் விட்டு நடத்திக்கொண்டு போனார்கள்.

மறுநாள் ஒரு கட்டைவண்டியில் வைக்கோல்மேல் படுக்கவைத்து அவரைக் கொண்டுவந்தார்கள். ஜீப் கவிழ்ந்து அடிபட்டதாக ஸ்டேஷனில் எழுதிக்கொண்டார்கள். ஜீப் கவிழவேயில்லை என்று நான் சொல்லப் போனபோது அப்பா என் வாயைப் பொத்தினார்.

மிஷன் ஆஸ்பத்திரியில் மாமா பதினோரு நாள் உயிரோடு இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைக் கூட்டிப்போனார். முகம் வீங்கி, ஒரு கண்தான் திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அருகில் வரச் சொன்னார்.

"நீ சொன்னது சரிதான் பாப்பா. மாட்டியிருக்கணும். நான்தான் மறந்துட்டேன். உன் மேல ஒரு தப்பும் இல்ல."

என் மேல் தப்பு என்று யாரும் சொல்லவில்லையே, இதை ஏன் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனாலும் பெரியவர் ஒருவர் தன் தவறை என்னிடம் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அம்மாவிடம் ஓடினேன்.

"மாமாவே ஒத்துக்கிட்டாரும்மா, நான் சொன்னதுதான் சரின்னு!"

அடுப்பை ஊதிக்கொண்டிருந்த அம்மா திரும்பவில்லை. "கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்றாள்.